10,000 ஸ்ட்ரீமுக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி இதுதான். மதுரையில் சொந்தமாகப் பாட்டு எழுதி, வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடும் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்றாவது பாட்டு வெளிவந்து இரண்டு மாதம் ஆகிறது. ஸ்பாட்டிஃபையில் 640 ஸ்ட்ரீம், கேட்டவர்கள் 190 பேர், சேவ் செய்தவர்கள், அதாவது பாட்டைத் தங்கள் லைப்ரரியில் வைத்துக்கொண்டவர்கள், 58 பேர். இன்ஸ்டாகிராமில் ஒருவர் வந்து, 4,500 ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் 10,000 ஸ்ட்ரீம் உறுதி, எல்லாமே ஆர்கானிக் (உண்மையான ஆட்கள் தாங்களாகக் கேட்பது), பிளேலிஸ்ட் வழியாகத்தான் வரும் என்கிறார். கட்டலாமா? இதற்கு நடுவில், போன வாரம் யாரென்றே தெரியாத ஒரு பிளேலிஸ்டில் இவருடைய இரண்டாவது பாட்டு சேர்ந்து ஒரே நாளில் 1,800 ஸ்ட்ரீம் ஏறியிருக்கிறது. யாருக்கும் ஒரு ரூபாய்கூட கொடுக்கவில்லை, இதனால் எனக்குச் சிக்கல் வருமா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதில், கட்டாதீர்கள். இரண்டாவதற்கு, சிக்கல் வர வாய்ப்பு இருக்கிறது, அதனால் தாமதிக்காமல் சில வேலைகளைச் செய்யுங்கள், என்னென்ன என்று கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துகொண்டால் அடுத்த தடவை வேறு வேஷத்தில் வந்தாலும் அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

நான் சென்னையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்து மிக்ஸிங் செய்கிறவன். என்னிடம் வரும் பலருக்கு ரிலீஸ் வேலையையும் நானே செய்து கொடுப்பேன். 2021இல் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டு போட்டோம், பாடிய பெண் தன் பாட்டியைப் பற்றி எழுதிய பாட்டு அது. முதல் மாதம் மெதுவாகத்தான் போனது. எனக்குப் பொறுமையில்லை. ஒரு புரொமோட்டரிடம் 6,000 ரூபாய் கட்டினேன், என்ன செய்யப் போகிறார் என்று சரியாக விசாரிக்கவே இல்லை. மூன்று வாரத்தில் 41,000 ஸ்ட்ரீம். மூன்று பேரும் சந்தோஷமாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். ஆனால் அந்த 41,000க்கு நடுவில் புதிதாக வந்த சேவ் வெறும் 20 சொச்சம், புதிதாக ஒருவர்கூட எங்களுக்கு மெசேஜ் அனுப்பவில்லை. அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருந்து, அதாவது நம் பாட்டை எல்லாத் தளங்களிலும் ஏற்றித் தரும் நிறுவனத்திடம் இருந்து, நாலு வரி மெயில் வந்தது, செயற்கை ஸ்ட்ரீமிங் கண்டறியப்பட்டதால் பாட்டு எல்லாத் தளங்களில் இருந்தும் நீக்கப்படுகிறது என்று. ஒரு தளத்தில் தப்பு செய்தோம், எல்லாத் தளத்திலும் பாட்டு போனது. அந்தப் பாட்டை உண்மையிலேயே விரும்பி லைப்ரரியில் வைத்திருந்த 300 பேர் இருந்தார்கள். அவர்களுடைய போனில் அது சாம்பல் நிறமாக மாறி, தொட்டால் ஓடாமல் நின்றுவிட்டது. பாட்டி பற்றிய பாட்டு எங்கே போச்சு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 6,000 ரூபாய் போனதை மறந்துவிட்டேன், அதை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, இயந்திரம் எப்படி ஓடுகிறது? ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால் அது ஒரு ஸ்ட்ரீம். ஆகவே ஸ்ட்ரீம் விற்பவருக்குத் தேவை நிறைய கணக்குகள், அவற்றை இடைவிடாமல் ஓட்ட ஒரு நிரல், ஒவ்வொரு கணக்கும் வேறு வேறு இடத்தில் இருப்பது போலக் காட்ட ஒரு வழி. கணக்குகளை மொத்தமாக உருவாக்குவார்கள், அல்லது பாஸ்வேர்டு திருடப்பட்ட உண்மையான மனிதர்களின் கணக்குகளை வாங்குவார்கள். நீங்கள் கேட்காத பாட்டு உங்கள் ஹிஸ்டரியில் இருந்தால், உங்கள் கணக்கும் இப்படி எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதில் உலகத்துக்கே தெரிந்த வழக்கு மைக்கேல் ஸ்மித் வழக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்தவர், 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் இவர்மீது குற்றம் சாட்டினார்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய லட்சக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, அவற்றைப் போலிக் கணக்குகளாலேயே கேட்க வைத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகையில் 2017இல் அவரே போட்டு வைத்திருந்த ஒரு கணக்கு இருக்கிறது. 1,040 கணக்குகள், ஒவ்வொன்றும் நாளுக்கு சுமார் 636 பாட்டு, ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 6,61,440 ஸ்ட்ரீம். ஸ்ட்ரீமுக்கு அரை சென்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது.

இந்த வழக்கை உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்மித்துக்கு ஏன் லட்சக்கணக்கில் பாட்டு தேவைப்பட்டது? ஒரே பாட்டை நூறு கோடி தடவை ஓடவிட்டால் உடனே மாட்டிக்கொள்வார், ஆயிரக்கணக்கான பாட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினால் எந்தப் பாட்டும் தனியாகக் கண்ணில் படாது. பிளேலிஸ்ட் விற்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். காசு கொடுத்த பத்துப் பேரின் பாட்டை மட்டும் அந்தப் போலிக் கணக்குகள் கேட்டால் சந்தேகம் வரும், அதனால் காசு கொடுக்காத, யாரென்றே தெரியாத நாற்பது பேரின் பாட்டை இடையில் சொருகுவார்கள். கூட்டத்தில் மறைந்துகொள்ள. உங்கள் இரண்டாவது பாட்டுக்கு நடந்தது அநேகமாக இதுதான். உங்கள்மேல் யாருக்கும் கோபம் இல்லை, உங்கள் பாட்டு பிடித்துப்போய் யாரும் சேர்க்கவும் இல்லை, அவர்கள் ஒளிந்துகொள்ள உங்கள் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. வேறு விதமாகவும் செய்கிறார்கள். முதலில் இலவசமாக ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து "உங்கள் பாட்டு நன்றாகப் போகிறது பாருங்கள், தொடர வேண்டுமானால் பணம் கட்டுங்கள்" என்று மெசேஜ் வரும். வந்தால் பதில் சொல்லாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வையுங்கள்.

"ஒரு தளத்தில் நாலு போலி ஸ்ட்ரீம் ஏறினால் யாருக்கு நஷ்டம், அது பெரிய கம்பெனிதானே" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நஷ்டம் உங்களுக்கும் எனக்கும்தான். பெரும்பாலான தளங்களில் ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. மாத வருமானத்தில் ஒரு பங்கை ஒரே பானையில் போட்டு, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். போலி ஸ்ட்ரீம் அந்தப் பானையில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பிரான்ஸின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021இல் அந்த நாட்டில் கேட்கப்பட்டவற்றில் குறைந்தது 1 முதல் 3 விழுக்காடு போலி, எண்ணிக்கையில் 100 கோடியில் இருந்து 300 கோடி ஸ்ட்ரீம். கண்டுபிடிக்க முடிந்தது மட்டும்தான் அது. டீசர் (Deezer) என்ற இசைத் தளம் 2025இல் சொன்னது இன்னும் மோசம், முழுக்க இயந்திரம் செய்த பாட்டுகளுக்கு அவர்கள் தளத்தில் வரும் ஸ்ட்ரீம்களில் 70 விழுக்காடு வரை மோசடி. டென்மார்க்கில் 2024இல் இந்தக் குற்றத்துக்காக ஒருவருக்குச் சிறைத் தண்டனையே கொடுத்துவிட்டார்கள், 18 மாதம்.

இதனால்தான் தளங்கள் இப்போது கடுமையாகிவிட்டன, அந்தக் கடுமை கடைசியில் வந்து இறங்குவது நம்மைப் போன்றவர்கள்மேல். 2024 தொடக்கத்தில் ஸ்பாட்டிஃபை இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி. இன்னொன்று, ஒரு பாட்டின் ஸ்ட்ரீமில் அப்பட்டமான அளவுக்குப் போலி இருந்தால் அதை ஏற்றிய லேபிளிடமோ டிஸ்ட்ரிபியூட்டரிடமோ அபராதம், ஒரு பாட்டுக்கு மாதம் சுமார் 10 யூரோ. டிஸ்ட்ரிபியூட்டர் அதைத் தன் கையில் இருந்து கொடுப்பாரா? ஒன்று உங்களிடம் வசூலிப்பார், இல்லையென்றால் உங்கள் பாட்டைத் தூக்கிவிடுவார், திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கையே மூடிவிடுவார். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் சந்தா கட்டுகிற ஒருவருக்காக உட்கார்ந்து விசாரணை நடத்த அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பணம் கொடுத்தது நீங்களா, உங்களுக்குத் தெரியாமல் யாரோ செய்ததா என்பதை அவர்களால் பிரித்துப் பார்க்கவும் முடியாது. புகார் வந்த பிறகு நிரபராதி என்று காட்டுவது உங்கள் பொறுப்பு.

அந்த 1,000 ஸ்ட்ரீம் விதி உங்கள் மாதிரி 640இல் நிற்பவர்களை எப்படித் தொந்தரவு செய்யும் என்று எனக்குத் தெரியும். இன்னும் 360தானே, வாங்கிவிட்டால் என்ன என்று மனம் சொல்லும். ஆனால் அந்த விதியை அறிவித்தபோது ஸ்பாட்டிஃபையே ஒரு கணக்கு சொன்னது, வருடத்துக்கு 1,000க்குக் கீழே கேட்கப்படும் பாட்டுகள் சராசரியாக மாதம் 3 சென்ட் ஈட்டிக்கொண்டிருந்தன என்று. இந்த எல்லையைத் தாண்டிக் கிடைக்கும் காசில் ஒரு டீ குடிக்கலாம், அதற்காகப் பாட்டையே பணயம் வைக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. 1,000 ஸ்ட்ரீம் மட்டும் போதாது, குறைந்தபட்சம் இத்தனை தனித்தனி ஆட்கள் கேட்டிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு, எத்தனை பேர் என்று வெளியே சொல்வதில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் நாலு போனில் விடிய விடிய ஓடவிட்டாலும் பயனில்லை. நண்பர்களிடம் "மியூட் போட்டு லூப்பில் விடுங்கடா" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். சினிமாப் பாட்டுகளுக்கு ரசிகர்கள் இப்படிச் செய்து செய்து நமக்கு அது சாதாரணமாகிவிட்டது. ஸ்பாட்டிஃபையின் பார்வையில் கேட்கும் எண்ணம் இல்லாமல் ஓடும் எதுவும் செயற்கை ஸ்ட்ரீம்தான், ஓட்டுவது இயந்திரமா உங்கள் சித்தப்பா மகனா என்று அது பார்க்காது.

பாட்டு நீக்கப்படவில்லை, எதுவுமே நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சேதம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. யாருக்கு உங்கள் பாட்டைப் பரிந்துரைப்பது என்று தளம் கற்றுக்கொள்வது உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்து. இப்போது உங்களைக் கேட்கும் 190 பேர் வேறு தமிழ்ப் பாட்டுகளையும் கேட்கிறவர்கள், ஒருவேளை மலையாள இண்டி கேட்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் 2,000 போலிக் கணக்குகள் நுழைந்தால், அவை பிரேசில் ராப், தூக்கத்துக்கான மழைச் சத்தம், யாரோ ஒருவரின் டெக்னோ என்று எதை எதையோ ஓட்டியிருக்கும். தளம் குழம்பிப்போகும். உங்கள் பக்கத்தில் "ரசிகர்கள் விரும்பும் மற்றவர்கள்" என்ற இடத்தில் சம்பந்தமே இல்லாத பெயர்கள் வந்து நிற்கும். உங்கள் அடுத்த பாட்டைத் தவறான ஆட்களிடம் கொண்டுபோய்ப் போடும், அவர்கள் ஐந்து நொடியில் தள்ளிவிடுவார்கள், தள்ளத் தள்ள அதைப் பரிந்துரைப்பதும் குறையும். பல மாதம் சரியாக உழைத்தால்தான் இது சரியாகும்.

அப்படியானால் விளம்பரத்துக்குப் பணமே செலவழிக்கக் கூடாதா? செலவழிக்கலாம். நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்தான். எதற்குப் பணம் வாங்குகிறார், முயற்சிக்கா அல்லது எண்ணுக்கா? பாட்டைக் கேட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பணம் வாங்குகிறார், பிடித்தால் சேர்ப்பார், பிடிக்காவிட்டால் இல்லை என்றால் அது ஒரு சேவை. சப்மிட்ஹப், குரூவர் போன்ற தளங்கள் இந்த மாதிரித்தான், நிறைய நிராகரிப்பு வரும், அதுதான் இயல்பு. மெட்டாவில் (இன்ஸ்டாகிராம், பேஸ்புக்) விளம்பரம் போட்டு ஒரு 20 நொடித் துண்டைக் காட்டுவது, யூடியூப் ஸ்டுடியோவிலேயே இருக்கும் புரொமோட் வசதி, ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் பாட்டைக் கூடுதலாகப் பரிந்துரைக்கும் ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவரி மோட், இவற்றில் எதுவுமே இத்தனை ஸ்ட்ரீம் நிச்சயம் என்று சொல்லாது. மனிதர்கள் என்ன கேட்பார்கள் என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, இயந்திரம் எத்தனை தடவை ஓடும் என்பதற்கு மட்டும்தான் தர முடியும். 10,000 உறுதி என்று ஒருவர் சொன்ன அந்த நொடியில் அவரிடம் இருப்பது என்ன என்று தெரிந்துவிடுகிறது. கூட "ஆர்கானிக்" என்று சேர்த்துச் சொல்வது, கேள்வி வரும் என்று அவருக்கே தெரியும் என்பதால். ஸ்பாட்டிஃபையின் விதிப்படி காசு கொடுத்துப் பிளேலிஸ்டில் உறுதியான இடம் வாங்குவதே தப்பு, அங்கே கேட்பவர்கள் உண்மையான மனிதர்களாக இருந்தாலும்கூட. ஸ்பாட்டிஃபையின் ஊழியர்களே தொகுக்கும் எடிட்டோரியல் பிளேலிஸ்டில் நுழைத்துவிடுகிறேன் என்று ஒருவர் காசு கேட்டால் அது நேரடிப் பொய். அதற்கான ஒரே கதவு உங்கள் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலேயே இலவசமாக இருக்கிறது, வெளிவராத பாட்டை முன்கூட்டியே பிட்ச் செய்ய வேண்டும், அதாவது பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். குறைந்தது 7 நாள் முன்னால் செய்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலிலும் பாட்டு போய்விடும். நான் மூன்று நாலு வாரம் முன்பே செய்யச் சொல்வேன்.

ஒரு பிளேலிஸ்ட் உண்மையானதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். அதைத் திறந்து உள்ளே இருக்கும் பாட்டுகளைக் கேளுங்கள். ஒரு மனிதர் ரசித்துத் தொகுத்தது போல இருக்கிறதா, இல்லை கஜல், மெட்டல், குழந்தைப் பாட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கிறதா? உள்ளே இருக்கும் ஐந்தாறு பாடகர்களின் பக்கத்துக்குப் போங்கள். பிளேலிஸ்ட் போலி என்றால், மாதம் 40,000 பேர் கேட்கிறார்கள் என்று காட்டும், பின்தொடர்பவர்கள் 60 பேர் இருப்பார்கள், அந்தப் பாடகரின் இன்ஸ்டாகிராமில் ஒரு கமென்ட்கூட இருக்காது. கேட்பவர்களின் ஊர்களும் அதே பக்கத்தில் தெரியும். தமிழில் பாடும் ஒருவருக்கு முதல் ஐந்து ஊரில் சென்னையும் இல்லை, பெங்களூரும் இல்லை, சிங்கப்பூரோ டொரண்டோவோ கொழும்போ இல்லை, ஆஷ்பர்ன் என்று டேட்டா சென்டர்கள் நிறைந்த ஒரு வர்ஜீனியா ஊர் மட்டும் இருக்கிறது என்றால் அங்கே உட்கார்ந்து யார் அவரைக் கேட்கிறார்கள்? பிளேலிஸ்டைப் பின்தொடர்பவர்களின் வரைபடம் ஒரே நாளில் செங்குத்தாக ஏறி அப்புறம் தட்டையாகக் கிடக்கிறதா என்பதைச் சார்ட்மெட்ரிக் மாதிரியான தளங்களில் பார்க்கலாம். உங்கள் சொந்த எண்ணிலும் பாருங்கள், ஒரு ஆள் சராசரியாக எத்தனை தடவை கேட்டார், சேவ் எத்தனை. உங்கள் இரண்டாவது பாட்டுக்கு அன்றைக்கு 1,800 ஸ்ட்ரீம் வந்ததே, எத்தனை சேவ் வந்தது என்று போய்ப் பாருங்கள். பூஜ்யம் அல்லது ஒன்று இரண்டு என்றால் சந்தேகமே வேண்டாம்.

யூடியூப் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் பழைய கதை. 2019இல் ஓர் இந்திய ராப் பாடல் 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வை என்று உலக சாதனை கொண்டாடினார்கள், பார்வையில் பெரும்பங்கு விளம்பரமாக ஓடியது என்று கேள்வி எழுந்தது, அந்த செப்டம்பரிலேயே யூடியூப் 24 மணி நேரச் சாதனைக்கும் இசைச் சார்ட்டுக்கும் விளம்பரப் பார்வைகளைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது. 2020இல் ஒரு பாடகியின் பெயரில் போலி இன்ஸ்டாகிராம் கணக்கு இருப்பதாக வந்த ஒரே ஒரு புகாரைப் பிடித்துக்கொண்டு போன மும்பைக் காவல்துறை, பாலோயரும் லைக்கும் விற்கும் ஒரு பெரிய வலையைக் கண்டுபிடித்தது. விளம்பரம் வழியாக வரும் பார்வை போலி இல்லை, மனிதர்கள்தான் பார்க்கிறார்கள். ஆனால் சேனலில் விளம்பர வருமானம் தொடங்கத் தேவையான 4,000 மணி நேரப் பார்வைக் கணக்கில் அது சேராது, இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வேஷங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய லேபிளின் ஏ அண்ட் ஆர் ஆள் (புதிய பாடகர்களைத் தேடிப் பிடிப்பவர்) என்று ஜிமெயில் முகவரியில் இருந்து வருபவர், உண்மையான லேபிள் உங்களிடம் பதிவுக் கட்டணம் கேட்காது. நீல டிக், விக்கிப்பீடியா பக்கம், "உலகளாவிய இசை விருது", கேள்விப்படாத செய்தித் தளத்தில் பேட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள். உங்கள் பாட்டை எங்கள் பெரிய சேனலில் போடுகிறோம் என்று சொல்லி, சிறிய எழுத்தில் காப்புரிமையையும் வாங்கிக்கொண்டு, பாட்டு யாருடையது என்று கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் தங்கள் பெயரில் பதிவு செய்துவிடுவார்கள், அப்புறம் உங்கள் பாட்டை உங்கள் சேனலில் போட்டால் உங்களுக்கே காப்புரிமைக் கிளெய்ம் வரும். என்னைக் கேட்டால் காசு பிடுங்கும் ஆளைவிட இவர்தான் ஆபத்தானவர். எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும், உரிமை எத்தனை வருடத்துக்கு, எந்த எந்த நாட்டுக்கு, எப்படி வெளியே வருவது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது பாட்டு. முதலில் பிளேலிஸ்டின் பெயர், இணைப்பு, அதை வைத்திருக்கும் கணக்கு, உங்கள் டேஷ்போர்டில் அந்த நாளின் ஏற்றம், எந்த ஊர்களில் இருந்து வந்தது, எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் உங்களுக்கு மெயில் போடும்முன் நீங்கள் அவருக்குப் போடுங்கள். நீளமாக வேண்டாம். இந்தப் பாட்டு, இந்த ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்), இந்தத் தேதியில் இந்தப் பிளேலிஸ்டில் என் அனுமதி இல்லாமல் சேர்க்கப்பட்டது, ஸ்ட்ரீம்கள் இயல்பாக இல்லை, நான் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, ஸ்பாட்டிஃபைக்கும் புகார் செய்திருக்கிறேன், படங்கள் இணைப்பில், அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபையின் ஆர்ட்டிஸ்ட் பக்கத்து உதவிப் பகுதியில் சந்தேகத்துக்குரிய பிளேலிஸ்டைப் புகார் செய்ய வழி இருக்கிறது, அதையும் செய்துவிட்டு அந்தப் பதிலையும் சேமித்து வையுங்கள். அந்த 1,800ஐ எங்கேயும் பெருமையாகப் பகிர வேண்டாம், அந்தப் பிளேலிஸ்டை ஸ்டோரியில் போட்டு நன்றி சொல்லவும் வேண்டாம், நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். பயந்துபோய்ப் பாட்டை நீங்களே எடுத்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். இதுவரை வந்த உண்மையான சேவ் எல்லாம் போய்விடக்கூடும்.

ஏற்கெனவே அந்த இன்ஸ்டாகிராம் ஆளிடம் முன்பணம் ஏதாவது அனுப்பியிருந்தால், கேள்வியில் சொல்லவில்லை, ஆனாலும் சொல்கிறேன், உடனே நிறுத்தச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். பணத்தை ஏமாற்றி வாங்கியிருந்தால் 1930 என்ற எண்ணில் அழைக்கலாம், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம், பணம் போன கையோடு அழைத்தால்தான் அதை முடக்க வாய்ப்பு அதிகம். ஸ்பாட்டிஃபை, டிஸ்ட்ரிபியூட்டர், மெயில், இவற்றில் எதன் பாஸ்வேர்டையாவது கொடுத்திருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் மாற்றுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மூன்றாவது பாட்டு. நீங்கள் 640 என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த எண் வேறு மாதிரி தெரிகிறது. 190 பேர் 640 தடவை, ஒரு ஆள் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார். 190இல் 58 பேர் சேவ் என்றால் நூற்றுக்கு முப்பது. எங்களுடைய 41,000 ஸ்ட்ரீமில் 20 சொச்சம் சேவ் வந்ததை மேலே சொன்னேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டவர்களுக்குப் பாட்டு பிடித்திருக்கிறது, இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. அந்த 4,500 ரூபாயை அதற்குச் செலவழியுங்கள். பாட்டின் மொழி டிஸ்ட்ரிபியூட்டரிடம் தமிழ் என்று சரியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள், இதில் தவறு செய்பவர்கள் அதிகம். வரிகளை மியூசிக்ஸ்மேட்ச் என்ற பாடல் வரித் தளத்தில் ஏற்றுங்கள், ஸ்பாட்டிஃபையில் வரி ஓடுவது அங்கிருந்துதான். ஒரு நல்ல மைக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மாடியிலோ வைகைக் கரையிலோ ஒரே டேக்கில் நேரடியாகப் பாடி எடுங்கள். அதில் இருந்து நாலு ரீல் வரும். மிச்சப் பணத்தில் அந்த ரீலுக்கு ஒரு நாளைக்கு நூறு இருநூறு என்று மெட்டாவில் விளம்பரம் போட்டு, டேஷ்போர்டில் உங்களை ஏற்கெனவே கேட்கும் ஊர்கள் எவையோ அந்த ஊர்களுக்கு மட்டும் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்ட்ரீம் எண்ணைப் பார்க்காமல் சேவ் எண்ணைப் பாருங்கள். அது 58இல் இருந்து 90 ஆகியிருந்தால் அதே வழியில் தொடருங்கள், ஏறவே இல்லையென்றால் ரீலில் பாட்டின் வேறு இடத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள், பல்லவியைவிட நடுவில் வரும் ஒரு வரி நன்றாகப் பிடித்துக்கொள்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெயிலை இன்று இரவே அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், இரண்டாவது மெயிலை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.